ஆறு லாஞ்சரில் எந்த கேம் எங்கே இருக்கிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குள்ளேயே மூன்று கேள்விகள் இருக்கின்றன. நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, என் கம்ப்யூட்டரில் ஸ்டீம், எபிக், ஜி.ஓ.ஜி., யூபிசாஃப்ட், இ.ஏ., ராக்ஸ்டார் என்று ஆறு லாஞ்சர் இருக்கிறது. எந்த கேம் எதில் இருக்கிறது என்றே மறந்துபோகிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மற்ற லாஞ்சர்களை அழித்துவிடலாமா? புது எஸ்.எஸ்.டி. (வேகமான ஸ்டோரேஜ் டிரைவ்) வேறு வாங்கியிருக்கிறேன். எல்லா கேமையும் திரும்ப டவுன்லோடு செய்யணுமா?"

சரி. லாஞ்சர் என்றால், ஒவ்வொரு கேம் கடையும் தன் கேமை வாங்க, இறக்க, திறக்க என்று கொடுக்கும் மென்பொருள். முதல் கேள்விக்குப் பதில்: ஒரே இடத்தில் பார்க்கலாம், ஆனால் அழிக்க முடியாது. ஐந்து பேங்க் பாஸ்புக்கையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு வைத்தால் தேடுவது சுலபம். பணம் என்னவோ அந்தந்த பேங்கில்தான் கிடக்கும். கேம் விஷயமும் அப்படித்தான். அது உங்களுடையதுதானா என்று சரிபார்ப்பது அதை விற்ற கடையின் லாஞ்சர். அந்த லாஞ்சர் இல்லாவிட்டால் பெரும்பாலான கேம் திறக்காது.

சில கேமுக்கு ஒன்று போதாமல் இரண்டு லாஞ்சர் வேண்டும். 2020 மே மாதம் எபிக் கடை ஜி.டி.ஏ. 5-ஐ ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது. கூட்டம் தாங்காமல் அந்தக் கடையே கொஞ்ச நேரம் படுத்துவிட்டது. அன்றைக்கு வாங்கிப் போட்டவர்களுக்குத் தெரியும்: எபிக்கில் பிளே அழுத்தினால் எபிக் போய் ராக்ஸ்டார் லாஞ்சரை எழுப்பும், ராக்ஸ்டார்தான் கேமைத் திறக்கும். ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அதே கதைதான். யூபிசாஃப்ட் கேமை ஸ்டீமில் வாங்கினாலும் பின்னால் யூபிசாஃப்ட் கனெக்ட் வந்து நிற்கும். அதனால் உங்கள் ஆறில் இரண்டைத் தூக்கிவிடலாம் என்று கணக்குப் போடுமுன், அந்த இரண்டும் வேறு எந்த கேமுக்கு வாசல் காக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததும் ஸ்டீம்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2003-ல் ஸ்டீம் வந்தது. அடுத்த வருடம் அதே நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 2 கேம் வந்தபோது, கடையில் டிஸ்க் வாங்கினவர்கூட ஸ்டீமில் அக்கவுண்ட் திறந்தால்தான் விளையாட முடியும் என்றார்கள். அன்றைக்கு அதைத் திட்டாத ஆள் குறைவு. இன்றைக்கு எல்லாம் ஸ்டீமிலேயே வந்தால் நன்றாயிருக்கும் என்று நாமே சொல்கிறோம்.

இப்போது அந்த மஞ்சப்பை. நான் பயன்படுத்துவது பிளேநைட் என்ற மென்பொருள். விண்டோஸில் ஓடும், இலவசம், மூல நிரல் திறந்தே இருக்கிறது. அதை நிறுவி, ஒவ்வொரு கடைக்கும் உள்ள இணைப்பைச் சேர்த்து, அந்தந்தக் கடையின் லாகின் பக்கத்தில் ஒருமுறை உள்ளே போனால், நீங்கள் வாங்கிய கேம் பட்டியல் முழுக்க வந்துவிடும். இன்ஸ்டால் செய்யாமல் கிடப்பதும் வரும். அங்கிருந்தே இன்ஸ்டால், அங்கிருந்தே பிளே. பட்டியல் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கும், யாருடைய சர்வரிலும் இல்லை. இதில் எனக்கு மிகப் பிடித்தது செட்டிங்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன டிக்: கேமை மூடியதும் அந்தக் கடையின் லாஞ்சரையும் தானாக மூடிவிடும். அதைப் போட்டு வைத்தால் ஆறு லாஞ்சர் இருப்பதே பாதி மறந்துபோகும். கூடவே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், விண்டோஸோடு சேர்ந்து விழிக்கும் லாஞ்சர்களை எல்லாம் நிறுத்திவிடுங்கள். தேவைப்படும்போது கூப்பிட்டால் வரட்டும்.

ஜி.ஓ.ஜி. கேலக்ஸியும் இதே வேலையைச் செய்யும், பார்க்க இன்னும் அழகாகவும் இருக்கும். ஆனால் அதில் பல இணைப்புகள் தன்னார்வலர்கள் எழுதியவை. ஏதாவது ஒரு கடை லாகின் முறையை மாற்றினால் இணைப்பு அறுந்துபோகும், யாராவது வந்து சரிசெய்யும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று நான்கு கேம்தான் வெளியே இருக்கிறது என்றால் இவ்வளவும் வேண்டாம். ஸ்டீமிலேயே வெளி கேமைச் சேர்க்கும் வசதி இருக்கிறது, அது போதும். லினக்ஸ் அல்லது ஸ்டீம் டெக் (ஸ்டீமின் கையடக்க கேம் கருவி) வைத்திருப்பவர்கள் எபிக்கும் ஜி.ஓ.ஜி.யும் விளையாட ஹீரோயிக் என்ற லாஞ்சரைப் பாருங்கள்.

பட்டியல் ஒரே இடத்துக்கு வந்தால் இன்னொரு லாபமும் உண்டு. நான் ஒரே கேமை இரண்டு முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். தள்ளுபடி என்றதும் ஒரு கடையில் வாங்கினேன், நான்கு மணி நேரம் விளையாடிய பிறகுதான் தெரிந்தது, இன்னொரு கடையில் அதைப் போன வருடமே வாங்கிப் போட்டு, திறக்காமலேயே விட்டிருக்கிறேன் என்று. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டது. ஸ்டீமில் அந்தக் கெடு வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள். இப்போதெல்லாம் வாங்கும் பட்டனுக்கு முன்னால் பிளேநைட்டில் ஒரு தேடல். அப்புறம்தான் பர்ஸ்.

நண்பர் கேட்காத ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: சேவ் ஃபைல், அதாவது கேமில் நீங்கள் எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று பதிவாகியிருக்கும் ஃபைல். கேமைத் திரும்ப டவுன்லோடு செய்யலாம், 60 மணி நேரம் விளையாடியதைத் திரும்ப டவுன்லோடு செய்ய முடியாது. சேவ் ஃபைலின் காப்பியைத் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளும் ஸ்டீமின் கிளவுடும் எபிக்கின் கிளவுடும் ஒன்றோடொன்று பேசாது. அதே கேமை வேறு கடையில் மறுபடி வாங்கினால், பெரும்பாலும் முதல் காட்சியிலிருந்துதான். விதிவிலக்கு உண்டு. விட்சர் 3 கேமுக்கு 2022 டிசம்பரில் வந்த அப்டேட்டில், ஜி.ஓ.ஜி. அக்கவுண்ட் வழியாக சேவ் இங்கேயும் அங்கேயும் வரும்படி செய்தார்கள். ஆனால் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. கிளவுட் சேவ் வசதியே இல்லாத கேமும் இருக்கிறது. நான் ஒருமுறை விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது, டி டிரைவில் கேம் பத்திரமாக இருந்தது, சேவ் மட்டும் சி டிரைவில் டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் இருந்திருக்கிறது. சி-யை ஃபார்மேட் செய்தது நான்தான், யாரைக் குறை சொல்ல?

இதற்கு லுடுசாவி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கேம்கள் சேவ் ஃபைலை எங்கே ஒளித்து வைக்கின்றன என்று அதற்குத் தெரியும். ஒரு பட்டன் அழுத்தினால் எல்லாக் கடை சேவ் ஃபைலையும் தேடியெடுத்து ஒரே போல்டரில் வைத்துவிடும். அந்தப் போல்டரைப் பென் டிரைவிலோ வேறு டிரைவிலோ போடுங்கள். எஸ்.எஸ்.டி. வேலையைத் தொடங்குமுன் இதை முடித்துவிடுங்கள்.

இனி எஸ்.எஸ்.டி. ஸ்டீம் இதில் ரொம்ப நல்ல பிள்ளை. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் புது டிரைவைச் சேர்த்து, கேமைத் தேர்ந்தெடுத்து, மூவ் கொடுத்தால் முடிந்தது. விண்டோஸையே மாற்றினாலும், பழைய ஸ்டீம் லைப்ரரி போல்டர் இருக்கும் டிரைவை மறுபடி அங்கே சேர்த்தால் கேம்களை அடையாளம் கண்டுகொள்ளும். ஜி.ஓ.ஜி. கேலக்ஸியிலும் ஏற்கெனவே இருக்கும் போல்டரைக் காட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

எபிக்கில் பெரும்பாலும் கைகொடுக்கும் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. கேம் போல்டரை அப்படியே வேறு இடத்தில் காப்பி செய்யுங்கள். எபிக்கில் அன்இன்ஸ்டால் கொடுங்கள். பிறகு புது டிரைவில் இன்ஸ்டால் ஆரம்பித்து, ஒன்றிரண்டு சதவீதம் போனதும் நிறுத்தி, லாஞ்சரையே மூடுங்கள். காப்பி செய்த ஃபைல்களைப் புதிதாக உருவான போல்டருக்குள் கொட்டுங்கள். லாஞ்சரைத் திறந்து தொடரச் சொன்னால், இருப்பதைச் சரிபார்த்துவிட்டு இல்லாததை மட்டும் இறக்கும். 100 ஜி.பி. கேமுக்கு மாத டேட்டா முழுக்கக் கரைவதிலிருந்து தப்பிக்கலாம். காப்பியை மட்டும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள், கேம் ஒருமுறை ஓடட்டும்.

இன்னொன்று, ஜி.ஓ.ஜி.யில் வாங்கிய கேமுக்கு லாஞ்சரே கட்டாயமில்லை. அவர்கள் தளத்தில் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் கிடைக்கும். அதை இறக்கி வெளி ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொண்டால், அது நிஜமாகவே உங்கள் கையில் இருக்கும் கேம். லாஞ்சர் என்பது நிரந்தரமில்லை. 2022-ல் பெதஸ்டா என்ற கேம் நிறுவனம் தன் லாஞ்சரை மூடியபோது வாங்கியவர்களின் கேம்களை ஸ்டீமுக்கு மாற்றிக் கொடுத்தது, அது நல்ல முடிவு. 2024 மார்ச் 31-ல் யூபிசாஃப்ட் தன் தி க்ரூ கேமின் சர்வரை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட அதைத் திறக்க முடியாமல் போனது. எப்போதும் இணையத்தில் இருந்தால்தான் ஓடும் கேம் அது. எனக்கு இரண்டு கடையிலும் ஒரே விலை என்றால், கொஞ்சமும் யோசிக்காமல் ஜி.ஓ.ஜி. பக்கம்தான் போவேன்.

கடைசியாக அழிக்கும் விஷயம். எது வேண்டாம் என்று முடிவு செய்தாலும், ஸ்டீமை மட்டும் வெறுமனே அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். ஸ்டீம் போல்டருக்குள்ளேயே இருக்கும் கேம்களும் அதோடு சேர்ந்து போய்விடும். முதலில் அவற்றைப் புது எஸ்.எஸ்.டி.யில் உள்ள லைப்ரரிக்கு நகர்த்துங்கள், அல்லது அதற்குள் இருக்கும் ஸ்டீம்ஆப்ஸ் போல்டரை வெளியே எடுத்து வையுங்கள். அதன் பிறகு கை வையுங்கள்.