பழைய செம்பு பாய்லரை மாடி டேங்க்கோட இணைக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது, அதனால அதை மட்டும் எடுத்துக்கறேன். ராமநாதபுரம் கடற்கரை ஏர்வாடிப் பக்கம் ஒரு தம்பி கேட்டிருக்காரு. பழைய வீட்டை எடுத்துக் கட்டுறாங்க. பரண்ல தாத்தா காலத்து வெந்நீர் பாய்லர் கிடைச்சிருக்கு, செம்பு, 40 லிட்டர் பிடிக்கும். "கீசர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். மாடி டேங்க்ல இருந்து நேரா இதுக்கு பைப் கொடுத்து, இதுல இருந்து ரெண்டு பாத்ரூம் ஷவருக்கும் இழுத்துரலாமா?"

பாய்லரைத் தாராளமா பயன்படுத்துங்க. ஆனா பைப் மட்டும் இழுக்காதீங்க தம்பி.

ஏன்னு சொல்றேன். அந்தப் பாய்லர் அழுத்தம் தாங்குறதுக்காகச் செஞ்ச பாத்திரமே இல்ல. நடுவுல புகைபோக்கியா ஒரு நடுக்குழாய், அதைச் சுத்தித் தண்ணி, அடியில நெருப்பு போடுற கம்பித்தட்டு, மேல புனல். புனலோட குழாய் உள்ள அடி வரைக்கும் இறங்கும். ஒரு சொம்பு பச்சைத்தண்ணி ஊத்தினா அது அடிக்குப் போகும், மேல நிக்கிற வெந்நீர் ஒரு சொம்பு மூக்கு வழியா வெளிய வரும். மூக்குல அடைப்பான் கிடையாது. அதாவது எப்பவும் காத்தோட திறந்தே இருக்கிற பாத்திரம். (சிலதுல அடியில பித்தளைக் குழாய் வச்சிருப்பாங்க, அதுலயும் புனல் திறந்துதான் இருக்கும்.)

இப்ப டேங்க் பைப்பைக் கொடுத்தா என்ன ஆகும்? டேங்க் மட்டம் உசரம், புனல் தாழ்வு, தண்ணி புனல்ல வழியும். வழியாம இருக்கணும்னா புனலை அடைப்பீங்க. ஷவருக்கு வால்வு வைக்கணும், அப்ப மூக்கும் அடைபட்டுப் போச்சு. டேங்க் தண்ணி 3 மீட்டர் உசரத்துல இருந்தா சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ அழுத்தம். கேக்கச் சின்னதா இருக்கும். பாய்லர் 40 சென்டிமீட்டர் அகலம்னா, நடுக்குழாயைக் கழிச்சாலும் மேல்தட்டை 350 கிலோவுக்கு மேல எக்கித் தள்ளும். அது மெல்லிசுத் தகடு, தட்டையான தகடு. நெருப்பு போடுறதுக்கு முன்னாடியே புடைச்சு, பத்து (தகடுகளை உலோகம் உருக்கி ஒட்டின இடம்) விட்டுக் கசியும்.

நெருப்பு போட்ட பிறகு கதை இன்னும் மோசம். 25 டிகிரியில இருந்து 80க்குப் போறப்ப 40 லிட்டர் தண்ணி கிட்டத்தட்ட 1 லிட்டர் விரியும். பைப்புல ஒருவழி வால்வு போட்டிருந்தா அந்த 1 லிட்டருக்கு ஒதுங்க இடமே இருக்காது. கொதிச்சுட்டா 1 லிட்டர் தண்ணி 1,600 லிட்டருக்கு மேல ஆவி ஆகும். முந்தின பேச்சுகளைக் கேட்டவங்களுக்கு நான் எதைச் சொல்லப் போறேன்னு தெரியும்: காத்துப் போற வழியை அடைக்காதீங்க. பல்லி விழும், கரப்பான் விழும்னு சில வீட்டுல புனல்ல தக்கையோ துணியோ வச்சு அடைக்கிறாங்க. கூடாது. கொசுவலைக் கம்பியை வளைச்சு மேல வையுங்க, போதும்.

குழாய் வசதி வேணும்னா வழி இருக்கு. புனலுக்கு மேல ஒரு சாதாக் குழாய் வையுங்க. குழாய் வாய் புனலைத் தொடக்கூடாது, 5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கணும். மெதுவாத் திறந்து விட்டா மூக்கு வழியா வெந்நீர் வாளிக்கு வந்துரும். ஷவர் கிடைக்காது, வாளியும் சொம்பும்தான். அதுவே நல்ல குளியல்னு நான் நினைக்கறேன்.

பாய்லரை எடுத்ததும் முதல் வேலை, தண்ணி நிரப்பி ராத்திரி பூரா காகிதத்து மேல வையுங்க. காலையில காகிதம் நனைஞ்சிருக்கிற இடத்தைப் பாருங்க. பத்து வச்ச இடத்தைக் கத்தி முனையால சுரண்டுங்க. வெள்ளையா, மெத்துனு சுரண்ட வந்தா ஈயப்பத்து. மஞ்சளா, கெட்டியா இருந்தா பித்தளைப்பத்து. ஈயப்பத்து 183 டிகிரியிலயே இளக ஆரம்பிக்கும். தண்ணி இருக்கிற வரைக்கும் அந்த இடம் 100ஐத் தாண்டாது. தண்ணி இல்லாம எரிச்சா சில நிமிஷத்துல பிரிஞ்சுரும். அதனால மூக்கு வழியா வழியிற அளவுக்கு நிரப்பிட்டுத்தான் நெருப்பு. தவறி வறண்டு எரிஞ்சுட்டா, பதறிப் பச்சைத்தண்ணி ஊத்தாதீங்க. தணலைக் கீழ இழுத்துப் போட்டு தானா ஆற விடுங்க. ஈயப்பத்துல காரீயம் கலந்திருக்கும், அது நஞ்சு, அதனால அந்தப் பாய்லர் தண்ணி குளிக்க மட்டும். குடிக்க, காப்பி போட, குழந்தைக்குப் பால் கலக்க வேண்டாம்.

எரிக்கிறதுக்கு சிரட்டை, பனை மட்டை, சீமைக்கருவேலங் கட்டை எல்லாம் சரி. 20 லிட்டரைக் குளிக்கிற சூட்டுக்கு மேல கொண்டு வர அரைக் கிலோ சிரட்டை போதும். கரையில ஒதுங்கின கட்டை வேண்டாம், அதுல உப்பு ஊறியிருக்கும், புகைபோக்கியை அரிச்சுரும். பழைய வள்ளத்துப் பலகை கூடவே கூடாது, அந்தப் பெயின்ட் புகை நஞ்சு. கரியில புகை தெரியாது, ஆனா கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே இருக்காது. பாத்ரூமுக்குள்ள வைக்காதீங்க, வெளிய வையுங்க. வெந்நீர் தேவைப்படுறது மார்கழி, தையில, அப்ப வாடைக்காத்து அடிக்கும். அடுப்பு வாய் வடக்கு, கிழக்கு பாக்காம இருக்கட்டும். ஓலைக் கொட்டகைக்குப் பக்கத்துல வேண்டவே வேண்டாம், பொறி பறக்கும்.

தம்பி கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. அதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்: எந்தத் தண்ணியை ஊத்தப் போறீங்க? நம்ம கரையில பாய்லரைத் தின்னுறது வயசு இல்ல, போர் தண்ணிதான். உவர்த்தண்ணியில இருக்கிற குளோரைடு செம்புல ஊசிப் புள்ளியா குழி போடும். பித்தளைக் குழாய்ல இருக்கிற துத்தநாகம் கரைஞ்சு, மஞ்சள் நிறம் ரோஸ் ஆயிரும், விரலால அழுத்தினா பொடியும். அப்படி ஆன குழாயை உடனே மாத்துங்க. சுண்ணாம்புச் சத்து சூடான நடுக்குழாய் மேலதான் படியும். ஓடு கட்டக் கட்ட விறகு கூடுதலாகும், தண்ணி சுட நேரமாகும். ஊரணித் தண்ணி, மழைத்தண்ணி, காவிரித் தண்ணி எது கிடைச்சாலும் அதை பாய்லருக்கு ஒதுக்குங்க. ஒரு ஆளுக்கு அரை வாளி வெந்நீர் போதும், மீதி அரை வாளி போர் தண்ணியைக் கலந்துக்கலாம்.

போர் தண்ணி மட்டும்தான் இருக்குன்னா, வேலை முடிஞ்சதும் கவுத்து வடிச்சிருங்க. உவர்த்தண்ணி ராத்திரி தங்கக்கூடாது. ஓடு கட்டினா 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து ஊத்துங்க. நுரை அடங்கினதும், அதிகம்னா 2 மணி நேரத்துல, கொட்டி ரெண்டு தடவை அலசுங்க. அந்த நேரமும் புனல் திறந்துதான் இருக்கணும், வாயு வரும். கக்கூஸ் கழுவுற ஆசிட் வேண்டாம், அது உள்ள இருக்கிற வெள்ளீயப் பூச்சையே உரிச்சுரும். பூச்சு போயிருந்தா ஈயம் பூசுறவர்கிட்ட கொடுத்து, சுத்தமான வெள்ளீயமாப் பூசச் சொல்லுங்க, காரீயம் கலக்காம. வெளிப்பக்கத்துக்குப் புளியும் உப்பும் போதும், ஆனா தேய்ச்ச உடனே நல்ல தண்ணியில கழுவித் துடைச்சிருங்க, உப்பு நின்னா மறுநாளே பச்சை பூக்கும்.

கம்பித்தட்டு மட்டும் கடல்காத்துல துருப்பிடிச்சு உதிர்ந்துக்கிட்டே இருக்கும். மாத்துறப்ப வார்ப்பிரும்புல வாங்குங்க.