பால் ஜக் மூடியில் ‘ஆன்சாக் 1915’: எழுத்து சாயாம ஃபிலே குரோஷே போடலாம்

வணக்கம்ங்க. இன்னிக்கு முதல் உலகப்போர் காலத்து ஆஸ்திரேலிய பால் ஜக் மூடி. ஈ மொய்க்காம ஜக் மேல போடுற வலைத்துணி அது. காத்துல பறக்காம இருக்க ஓரத்துல மணி தொங்கும். 1915 ஏப்ரல் 25-ல துருக்கியோட கலிப்போலியில ‘ஆன்சாக்’ (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையோட சுருக்கப் பேரு) இறங்கினதுக்கு அப்புறம், இந்த மாதிரி சாப்பாட்டு மேசைத் துணியிலயே அந்தப் பேரு, கொடி, ஆஸ்திரேலியப் படையோட உதயசூரியன் பேட்ஜ்னு பின்ன ஆரம்பிச்சாங்க. கான்பெராவுல இருக்கிற போர் நினைவகத்துல அந்தக் காலத்துத் துணிகளைச் சேர்த்து வெச்சிருக்காங்க.

போர்க்காலப் பின்னல்னா எல்லாரும் சாக்ஸைத்தான் சொல்வாங்க. அது கம்பளி, கம்பிப் பின்னல், வீரனோட காலுக்குப் போறது. இது பருத்தி நூல், கொக்கி ஊசி, வீட்டுலயே இருக்கிறது. எழுத்து வேணும்னா, குரோஷேன்னு சொல்ற இந்தக் கொக்கிப் பின்னல்ல ஃபிலேங்கிற வகைதான் சரி. எல்லாமே கட்டம்: காலிக் கட்டம், நிறைஞ்ச கட்டம், அவ்வளவுதான். கோலத்துக்குப் புள்ளி வைக்கத் தெரிஞ்ச கைக்கு இது புதுசே இல்ல. அந்தக் காலத்துல ஆஸ்திரேலியாவுல பேர் வாங்கின டிசைனர் மேரி கார்டு. 1861-ல பிறந்தவங்க, டீச்சரா இருந்து, காது கேக்காமப் போனதால இந்தப் பக்கம் வந்தவங்க. பெரிய பெரிய கட்டப்படமா போட்டுத் தந்தாங்க. வரி வரியா எழுதின குறிப்பை விட படம் பத்து மடங்கு மேல். எங்க தப்புனது கண்ணுக்கே தெரியும்.

பொருள்: 40-ஆம் நம்பர் மெர்சரைஸ்டு நூல், 1 மி.மீ. ஸ்டீல் ஊசி, கண்ணாடி மணி 36. ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் குறிப்புல ‘ட்ரெபிள்’னு ஒரு தையல் இருந்தா, நீங்க யூடியூபுல அமெரிக்கக் கணக்குல கத்துக்கிட்ட ‘டபுள் குரோஷே’ அது. பேரை மட்டும் பாத்துப் போட்டா எல்லாம் நீண்டு தொங்கும். நான் இங்க ட்ரெபிள்னே சொல்றேன்.

மொதல்ல 10-க்கு 10 காலிக் கட்டத்துல ஒரு மாதிரித் துண்டு போட்டு அளந்துடுங்க. அகலம் 4.5 செ.மீ. வந்தா உயரமும் 4.5 வரணும். உயரம் 4 தான் வருதுன்னா எழுத்து குட்டையா, நசுங்கின மாதிரி வரும். பெரிய ஊசிக்கு மாறாதீங்க, அகலமும் சேர்ந்து கூடிடும். ஊசியை உள்ள விட்டு நூலை இழுக்குறீங்கல்ல, அந்த முதல் கண்ணைக் கொஞ்சம் மேல தூக்கி இழுங்க. உயரம் அங்கதான் கிடைக்குது.

நம்ம துணி 45-க்கு 45 கட்டம், அதாவது 20 செ.மீ. சொச்சம். சுத்தி ஒரு கட்டம் நிறைஞ்ச ஓரம். 138 செயின் போட்டு, ஊசியில இருந்து நாலாவதுல முதல் ட்ரெபிள். விட்ட மூணு செயினும் ஒரு ட்ரெபிள் கணக்கு, ஆக வரிசையில 136. அடுத்த வரிசையில இருந்து 44-வது வரை ஓரத்து ரெண்டு கட்டம் மட்டும் நிறைஞ்சது, நடுவுல ரெண்டு செயின், ஒரு ட்ரெபிள், அப்படியே போகும். எழுத்து இப்படி உட்காரும்: கீழ இருந்து 15 முதல் 21 வரை ‘1915’, மூணு வரிசை சும்மா, 25 முதல் 31 வரை ஆன்சாக்கோட அஞ்சு ஆங்கில எழுத்து. ஒவ்வொண்ணும் 5 கட்டம் அகலம், நடுவுல ஒரு கட்டம் இடைவெளி. மொத்தம் 29, ரெண்டு பக்கமும் 8 மிச்சம். இலக்கங்களுக்கும் அதே அகலம், 23 வரும், பக்கத்துக்கு 11.

இப்போ கிட்ட வந்து பாருங்க. ‘இசட்’ எழுத்தோட மேல்கோடு, 5 நிறைஞ்ச கட்டம். கட்டத்துக்கு 4 ட்ரெபிள்னு 20 போட்டுடுவாங்க. கிடையாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துக்கு நடுவுல சுவரா நிக்கிற ட்ரெபிள் ஒண்ணுதான், அதனால 16. நாலு கூடுச்சுன்னா அந்த வரிசை முழுக்க நகர்ந்துடும், அடுத்த எழுத்து சாயும். வரிசை முடிவுல 45 கட்டத்துக்கு 46 சுவர் இருக்கான்னு எண்ணுங்க. ஓரம் உள்ள வளையுதுன்னா காரணம் ஒண்ணுதான்: கடைசி ட்ரெபிளை, முந்தின வரிசை ஆரம்பத்துல ட்ரெபிளுக்குப் பதிலா போட்ட மூணு செயின்ல மூணாவதோட தலையில போடாம விட்டிருப்பீங்க.

படத்தை ஒத்தைப்படை வரிசையில வலமிருந்து இடம், இரட்டைப்படையில இடமிருந்து வலம் படிக்கணும். எல்லா வரிசையும் ஒரே பக்கமா படிச்சா பிரிக்கிறதைத் தவிர வழியே இல்ல. மொத்த எழுத்தும் கண்ணாடியில தெரியுற மாதிரி திரும்பியிருந்தா மட்டும் கவலைப்படாதீங்க, துணியைத் திருப்பிப் போடுங்க. இடது கைக்காரங்களுக்கு அப்படித்தான் வரும். ஆனா மணி கோக்குறதுக்கு முன்னாடியே நல்ல பக்கத்துல ஒரு கலர் நூலைக் கட்டிடுங்க.

மணி: 36-ஐயும் முதல்லயே நூல்ல கோத்துடணும், நடுவுல கோக்க முடியாது. 5 கட்டத்துக்கு ஒரு வளைவு, பக்கத்துக்கு 9. ஓரத்துல ஒரு சிங்கிள் (இது அமெரிக்கப் பேரு, பிரிட்டிஷ் குறிப்புல ‘டபுள்’) போட்டு, 12 செயின், மணியை ஊசிக்கிட்ட தள்ளி அதைச் சேர்த்து ஒரு இறுக்கமான செயின், மறுபடி 12, அஞ்சு கட்டம் தள்ளி ஒரு சிங்கிள். கீழ 15 கண்ணு அகலம்தான், வளைவு 25 செயின், அதனாலதான் தொங்குது. செயினைக் குறைச்சா மணி ஓரத்தோட ஒட்டி நிக்கும், துணி அடங்காது.

கடைசியா நனைச்சு, தெர்மாகோல் மேல துண்டு விரிச்சு, அஞ்சு கட்டத்துக்கு ஒரு துருப்பிடிக்காத குண்டூசி. விறைப்பு வேணும்னா லேசான சாதக்கஞ்சி போதும். ஆனா பெட்டியில எடுத்து வைக்கிறதா இருந்தா கஞ்சியை அலசிடுங்க, பூச்சி அதுக்குத்தான் வரும். மடிக்காதீங்க. ஒரு துணிக்குழல்ல சுருட்டி வைங்க, மணி பக்கம் வெளிய இருக்கட்டும்.