காராக் சாலையோரம் மூடிப்போன கடல்

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா சுரங்கப்பாதையைத் தாண்டி பெந்தோங் பக்கம் இறங்கியிருப்பீர்கள். அங்கே ஒரு கடலைத் தாண்டுகிறீர்கள் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் தித்திவங்சா மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு காலத்தில் வேறு வேறு நிலங்கள். நடுவில் பழைய டெத்திஸ் பெருங்கடல்.

நாம் இருக்கும் மேற்குப் பாதிக்கு சிபுமாசு என்று 1984இல் பெயர் வைத்தவர் நிலவியலாளர் இயன் மெட்கால்ஃப். தெற்கே கோண்டுவானா கண்டத்தின் ஓரமாக, ஆஸ்திரேலியாவை ஒட்டிக் கிடந்த நிலம் அது. பத்துமலைச் சுண்ணாம்புக்கல் அங்கே கடலடியில் படிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. தமிழ்நாடும் அதே கண்டத்தில்தான் இருந்தது. அடுத்த தைப்பூசத்துக்குப் படியேறும்போது நினைத்துக்கொள்ளுங்கள். லங்காவியில் சேற்றுப் பாறைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கூழாங்கற்கள் இருக்கும். மிதந்து வந்த பனிக்கட்டிகள் உருகும்போது உதிர்த்த கற்கள் அவை. ஆமாம், லங்காவியில் பனி!

கிழக்குப் பாதியோ அப்போதே வெப்பநாடு. பகாங் ஜெங்காவில் கிடைத்த இலைப் புதைபடிவங்கள் பழைய சீன நிலத்துச் செடிகளோடு உறவுள்ளவை. அதன் மேற்கு விளிம்பில் எரிமலைகள் வரிசையாக நின்றன. கடல்தளம் அவற்றுக்கு அடியில் சரிந்து இறங்கியது. அது சுமந்துபோன நீர் ஆழத்துப் பாறையை இளக்கியது. இளகியது மேலே வந்து எரிமலையாக வெடித்தது. சுகோத்தாய் வளைவு என்று தாய்லாந்துப் பெயரால் அதைச் சொல்கிறார்கள். அதன் முதுகுப்புறம் ஒரு குறுகிய கடல் திறந்து, இந்தோசீன நிலத்திலிருந்து அதைப் பிரித்துவைத்தது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

சரி, கடல் இருந்ததற்கு என்ன சாட்சி? பெந்தோங், ரவூப் வட்டாரத்தில் செர்ட் என்ற கடினமான பாறை அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஒரு துண்டை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, மிஞ்சும் தூளை நுண்ணோக்கியில் பாருங்கள் (வீட்டில் வேண்டாம், எலும்பு வரை அரிக்கும் அமிலம்). ரேடியோலேரியா என்ற ஒற்றைச் செல் கடலுயிரின் ஓடுகள் தெரியும். கண்ணாடியில் பின்னிய சல்லடை போல. அவற்றில் மூத்தவை டெவோனியன் காலத்தவை (சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்), இளையவை பெர்மியன் காலக் கடைசியைச் சேர்ந்தவை (சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்). அப்படியானால் அந்தக் கடல் குறைந்தது 10 கோடி ஆண்டுகள் இருந்திருக்கிறது.

பெர்மியனில் சிபுமாசு கோண்டுவானாவிலிருந்து பிய்ந்து வடக்கே நகர்ந்தது. அடுத்து வந்த ட்ரையாசிக் காலத்தில் (25 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்) எரிமலை வரிசையோடு மோதியது. கடல்தளம் கனமானது, மூழ்கும். கண்டம் இலேசானது, மூழ்க மறுக்கும். அதனால் நிலம் நெருக்குண்டு தடித்தது, அடிப்பகுதி உருகியது. அந்த உருகல் 22 கோடி முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்து கருங்கல்லானது. தித்திவங்சா அதுதான், பினாங்குக் கொடிமலையும் அதுதான். கிந்தாவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தோண்டிய ஈயம் (டின் என்ற வெள்ளீயம்) அந்தக் கருங்கல்லோடு வந்தது. ஈயம் இல்லையென்றால் இங்கே கோலாலம்பூர் ஏது? ரவூப் தங்கம் மலைக்கு அந்தப் பக்கத்துச் சொத்து.

மறுபடியும் மோதுமா என்று கேட்கிறார்கள். 2007 முதல் சில ஆண்டுகள் புக்கிட் திங்கியில் சிறு அதிர்வுகள் வந்தன, உண்மைதான். பழைய பிளவுகள் கொஞ்சம் அசைந்தன, அவ்வளவே. இப்போது கடல்தளம் இறங்குவது சுமத்ராவுக்கு மேற்கே. 2004 டிசம்பரில் பினாங்குக் கரைவரை வந்த சுனாமி அங்கிருந்து கிளம்பியதுதான்.