கூடம் கோணலாக இருக்கும்போது

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில், கோல்ஃப் பந்தடித்துப் பழகும் எந்த டிரைவிங் ரேஞ்சுக்குப் போனாலும், பந்துக் கூடைக்காக வரிசையில் நிற்பவர்களிடையே ஒரே விவாதம்தான் காதில் விழும். புதிதாக வந்திருக்கும் டிரைவரில், அதாவது பந்தை வெகுதூரம் அடிக்கும் மட்டையில், அடித்தால் பந்து பதினைந்து கஜம் கூடுதலாகப் போகிறது என்று ஒருவர் சொல்வார். மட்டையை மாற்றி என்ன பயன், அடிக்கிற ஆளை அல்லவா மாற்ற வேண்டும் என்று மற்றவர் சிரிப்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை யாராவது ஒருவர் சொல்லி முடித்து வைப்பார். ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய நான் இந்த விளையாட்டோடு முப்பது ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். பயிற்சிதான் முதன்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்தப் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம், கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எனக்குள் எழும். ஏனென்றால், கோணலான கூடத்தில் நாள்தோறும் ஆடிப் பழகியவளுக்கு, பிறகு நேரான கூடத்திலும் ஆட வராது.

இதை விளக்க என் தந்தையாரின் கதையைச் சொல்ல வேண்டும். சற்று நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் சிறுவயதில் கோலாசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில், துரைமார்களின் மட்டைப் பையைத் தூக்கிச் செல்லும் வேலை பார்த்தவர். அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். "எங்கள் அப்பா கேடியாக இருந்தார்" என்று பள்ளியில் நான் பெருமையாகச் சொன்னபோது, வகுப்பு முழுவதும் சிரித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு துரை தனக்கு வேண்டாத ஏழாம் எண் ஐயன் (இரும்புத் தலை) மட்டையொன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். துரை ஆறடி உயரம். என் தந்தையார் ஐந்தடி மூன்றங்குலம். மட்டையைப் பிடித்து நின்றால் அதன் பிடி வயிற்றில் இடித்தது. அவர் யாரிடமும் கேட்கவில்லை. பிடியைப் பிரித்தெடுத்து, இரும்பறுக்கும் வாளால் தண்டின் மேல்முனையில் மூன்று விரற்கடை அறுத்துவிட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றிக்கொண்டார். சுற்றிலும் ரப்பர் தரும் கித்தா மரம் இருந்தும் ரப்பருக்குச் சைக்கிள் டியூபைத் தேட வேண்டியிருந்தது என்பது அவர் அடிக்கடி சொல்லும் நகைச்சுவை.

அந்த ஒற்றை மட்டையைக் கொண்டே அவர் உயர அடித்தார், தாழ அடித்தார், மணலிலிருந்து எடுத்தார், குழிக்குள் உருட்டினார். ஸ்பெயின் நாட்டு வீரர் செவெ பாயெஸ்தெரோஸ் சிறுவனாக இருந்தபோது தம் ஊர்க் கடற்கரையில் ஒரேயொரு மூன்றாம் எண் ஐயனை வைத்துக்கொண்டுதான் ஆட்டம் பழகினார் என்று பின்னாளில் நான் படித்துச் சொன்னபோது, அப்பா சற்றும் வியக்கவில்லை. "வேறு மட்டை இல்லை என்றால் கை தானாகவே கற்றுக்கொள்ளும்" என்றார்.

இனி என் கதை. எனக்குச் சம்பளம் உயர்ந்த ஆண்டில், கோலாலம்பூர்க் கடையொன்றில் பளபளக்கும் புதிய மட்டைத் தொகுப்பை வாங்கினேன். உயரமும் அப்பாவிடமிருந்து வந்த சொத்துதான். நானும் ஐந்தடி நான்கைத் தாண்டவில்லை. என்னை அளந்து பார்க்க வேண்டும் என்று கடைக்காரருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தண்டு எனக்கு நீளம். நீளமான மட்டையைக் குள்ளமானவர் பிடித்தால் கை தாழ்ந்து, மட்டைத் தலையின் நுனி தரையிலிருந்து எழும்பி நிற்கும். நுனி எழும்பினால், வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். என் பந்தும் இடப்பக்கமே போனது.

நான் செய்த தவறு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மட்டையைச் சந்தேகிப்பது சோம்பேறியின் வேலை என்று அந்தப் பழமொழியை மனத்தில் வைத்துக்கொண்டு, வாரம் இருநூறு பந்து வீதம் இரண்டு ஆண்டுகள் அடித்தேன். பந்து நேராகப் போகும்வரை மணிக்கட்டைத் திருப்பாமல் பிடித்துக்கொள்ளப் பழகினேன். ஒருநாள் இளம் பயிற்றுநர் ஒருவர் பந்தின் பின்புறத்தில் வெள்ளைப் பலகைக்கு எழுதும் பேனாவால் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அதை அடிக்கச் சொன்னார். அடித்தபின் மட்டையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தோம். பந்திலிருந்த கோடு அங்கே அச்சாக ஒட்டியிருந்தது. நேராக இல்லை, சாய்ந்திருந்தது. காரில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். கோடு நேராக விழுந்தால் மட்டை உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறது. சாய்ந்து விழுந்தால், மட்டைத் தலை தரையில் அமரும் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பட்டறையில் கொடுத்துத் தண்டைக் குறைத்து, கோணத்தை இரண்டு டிகிரி வளைத்து வாங்கினேன். மறுவாரம் அடித்தேன். பந்து அத்தனையும் வலப்பக்கம் போயின! மட்டை திருந்திவிட்டது, மணிக்கட்டு திருந்தவில்லை. அந்தப் பழக்கத்தை மறக்க எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. பயிற்சியா, மட்டையா என்று கேட்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பொருந்தாத மட்டையால் வரும் கேடு ஒரு நாள் ஆட்டத்தோடு போய்விடாது, பயிற்சி எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குக் கை தவறாகப் பழகிப் போகும். ஆகவே முதலில் அளவு, பிறகு உழைப்பு. அளவு என்று நான் சொல்வது நீளம், கோணம், தண்டின் விறைப்பு, பிடியின் பருமன் ஆகியவற்றையே. விலையையும் புதுமையையும் நான் சொல்லவில்லை.

புதுமையால் ஏன் பெரிய பயன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. அதன் முகம் பந்தை எவ்வளவு உந்தித் தள்ளலாம் என்பதற்கும் விதியில் எல்லை உண்டு. தயாரிப்பாளர்கள் அந்த எல்லையை எப்போதோ எட்டிவிட்டார்கள். ஓரத்தில் பட்ட அடியைப் புதிய டிரைவர் சற்று மன்னிக்கும் என்பது உண்மைதான். நடுவில் பட்ட அடிக்கு அது பெரிதாக ஒன்றும் கூட்டித் தருவதில்லை. ஏழாம் எண் ஐயனில் நடப்பது இன்னும் வேடிக்கை. முற்காலத்தில் அதன் முகச்சாய்வு ஏறத்தாழ 36 டிகிரியாக இருந்தது. இன்று விற்கும் பல தொகுப்புகளில் அது 30 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டது. சாய்வு குறைவாக இருந்து தூரம் கூடுதலாகப் போகும் பழைய ஐந்தாம் எண் மட்டைக்கு ஏழு என்று பெயர் வைத்து விற்றால், பந்து தூரம் போகாமல் வேறு என்ன செய்யும்?

இனிப் பயிற்சிக்கு வருவோம். பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளி வீரர் விஜய் சிங், 1984ஆம் ஆண்டு மலேசிய பிஜிஏ (தொழில்முறை கோல்ஃப் வீரர்) பட்டத்தை வென்றவர். பிறகு போர்னியோவில் பயிற்றுநர் வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரமெல்லாம் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருந்தார். அவரே 2004ஆம் ஆண்டு, தம் 41ஆம் வயதில், அமெரிக்கச் சுற்றில் ஒன்பது போட்டிகளை வென்று உலகின் முதல் இடத்துக்கு வந்தார். நாமும் கூடைக்கு நூறு பந்து வாங்கி அடிக்கிறோம். ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் நூறு பந்தையும் டிரைவரால், ஒரே திசையில், அரை மணி நேரத்தில் தீர்த்துவிடுகிறோம். அது வியர்வை சிந்த உதவும். திடலில் ஒரே இடத்திலிருந்து ஒரே மட்டையால் இரண்டு முறை அடிக்கும் வாய்ப்பு, முதல் பந்தைத் தொலைத்தவருக்குத்தான் கிடைக்கும். ஆகவே ரேஞ்சிலும் டிரைவர், அடுத்து ஏழு, அடுத்து வெட்ஜ் எனும் குறுந்தூர மட்டை என்று மாற்றி மாற்றி, உங்களுக்குப் பழக்கமான திடலின் குழிகளை வரிசையாக நினைத்துக்கொண்டு அடியுங்கள்.

ரப்பர் விரிப்பையும் நம்பாதீர்கள். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மட்டை விழுந்தாலும் விரிப்பில் வழுக்கிச் சென்று பந்தை அடித்துவிடும். அதே அடி நம் திடல்களின் மாட்டுப்புல்லில் மண்ணைத் தோண்டி நின்றுவிடும். ஒரு சிறு துண்டை மடித்துப் பந்துக்கு ஒரு சாண் பின்னால் போட்டு, அதைத் தொடாமல் அடித்துப் பழகினால், மட்டை எங்கே விழுகிறது என்பது தெரிந்துவிடும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். 72 பார், அதாவது 72 அடிகளைத் தர அளவாகக் கொண்ட, பதினெட்டுக் குழிகள் உள்ள வழக்கமான திடலில், தூரம் குறைந்த குழிகள் நான்கை விட்டால் டிரைவருக்கு வேலை பதினான்கு முறைதான். குழிக்கு இரண்டு உருட்டல் என்று வைத்தாலும் உருட்டும் மட்டையான பட்டருக்கு முப்பத்தாறு முறை, அதாவது சரிபாதி. ஆனால் ரேஞ்சில் பட்டரை உறையிலிருந்து எடுப்பவரைக் காண்பது அரிது. என் தந்தையார் மாலைதோறும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து முற்றத்தில் கெட்டிப்பால் டின்னைத் தரையோடு புதைத்து, அதற்குள் பந்தை உருட்டிப் பழகுவார். டின்னின் வாய் ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர். உண்மையான குழியின் விட்டமோ 108 மில்லிமீட்டர். பிற்காலத்தில் முதன்முறையாகத் திடலுக்கு அழைத்துப் போனபோது, "இதென்ன, கிணறு மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள்" என்றார்.

பந்தைப் பற்றியும், பிள்ளைகளுக்கு மட்டை வாங்குவதைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். வானொலி நிலையக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, நேரம் முடிகிறது என்று இரண்டு விரல்களைக் காட்டுகிறார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பந்து எதுவாயினும் ஆட்டம் முழுவதும் ஒரே வகையாக இருக்கட்டும்; வகை மாறினால் உருட்டலின் உணர்வும் மாறும். பெரியவர் மட்டையை அறுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள், நீளம் குறைந்தாலும் தலையின் கனம் குறையவில்லை என்பதை மறக்க வேண்டாம். இளையோருக்கென்றே இலேசான மட்டைகள் கிடைக்கின்றன. நம் ஊர்ப் புழுக்கத்தில் பிடிகள் விரைவில் வழுக்கத் தொடங்கும். புது டிரைவர் வாங்குவதற்கு முன் அவற்றை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மனமில்லை என்றால், பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். சனிக்கிழமை மாலையில் செய்தால் ஞாயிறு காலைக்குள் காய்ந்துவிடும். வணக்கம்.