முதல் சம்பளமும் மாதத் தவணையும்

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் கல்விக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கமிருந்து பெற்றோர்கள் இன்றும் என்னைத் தேடி வருகிறார்கள். சமீப காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "பி.டி.எஸ். கிடைக்கிற அளவுக்கு நீட் மார்க் இல்லை சார். பல் சம்பந்தமா மூணு வருஷப் பட்டப் படிப்பு ஒண்ணு இருக்காம். மூணு லட்சம் லோன் போட்டா கட்டிட முடியுமா?"

குடியாத்தத்திலிருந்து வந்த ஓர் அம்மா, நாலாக மடித்த நோட்டீஸ் ஒன்றை மேசைமேல் விரித்தார். அமெரிக்காவில் பல்லைச் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்ட்டுக்கு ஆண்டுக்கு 70 லட்சம் சம்பளம் என்று அதில் போட்டிருந்தது. அந்த வரிக்குக் கீழே மகள் பேனாவால் இரண்டு முறை கோடு போட்டிருந்தாள்.

அந்தத் தொகை பொய் இல்லை. 2023ஆம் ஆண்டு அமெரிக்க அரசுக் கணக்கில், ஹைஜீனிஸ்ட்டுகளின் நடுத்தர ஆண்டு வருமானம் 87,530 டாலர். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவும் அசிஸ்டென்ட்டுக்கு 46,540 டாலர். ஆனால் அங்கே ஹைஜீனிஸ்ட் உரிமம் வாங்க, பெரும்பாலான மாநிலங்களில் அந்த நாட்டு அங்கீகாரம் பெற்ற கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும். நம் ஊர்ச் சான்றிதழைக் காட்டி அந்தச் சம்பளத்தை வாங்க முடியாது. இதை எந்த நோட்டீஸிலும் அச்சடிக்க மாட்டார்கள். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கனத்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அது அதைவிடப் பெரிய பாவம்.

சரி, நம் ஊர் நிலவரம் என்ன? பல்லில் படிந்த காரையை ஸ்கேலிங் செய்து எடுப்பதும், பல் பராமரிப்பைச் சொல்லிக்கொடுப்பதும் ஹைஜீனிஸ்ட் வேலை. டாக்டர் எடுத்த அளவை வைத்து பிளாஸ்டர் அச்சு வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, பல் செட்டும் கேப்பும் செய்வது டென்டல் மெக்கானிக் வேலை. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்திலேயே இந்த இரண்டு தொழிலுக்கும் தனித்தனிப் பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. கருவிகளைக் கழுவி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து, நாற்காலிப் பக்கம் நின்று டாக்டருக்கு எடுத்துக்கொடுப்பவர் உதவியாளர்.

இதில் வெளியே பேசாத உண்மை ஒன்று இருக்கிறது. வேலூரில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் பலர் ஸ்கேலிங்கைத் தாங்களே செய்துவிடுகிறார்கள். கூட ஒரு ஆள் வேண்டுமென்றால், புதிதாக பி.டி.எஸ். முடித்தவரே குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கிறார். உதவியாளர் வேலைக்குப் பக்கத்துத் தெருப் பெண்ணையே சேர்த்துக்கொண்டு மூன்று மாதத்தில் பழக்கிவிடுகிறார்கள். அதனால் ஊருக்குள்ளேயே இருக்க நினைக்கிற பிள்ளைக்கு ஹைஜீனிஸ்ட் படிப்பைவிட மெக்கானிக் படிப்பு மேல் என்பது என் கருத்து. பல் செட் செய்வது கைத்தொழில். டாக்டர் தானே உட்கார்ந்து அதைச் செய்வதில்லை, டென்டல் லேபுக்குத்தான் அனுப்புகிறார். கம்ப்யூட்டரில் வடிவமைத்து மெஷினில் பல் கடைவதையும் கற்றுக்கொண்டவருக்கு மதிப்பு இன்னும் கூடும்.

இனி கடனுக்கு வருவோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் மூன்று லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் ஆண்டு வாங்கிய லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி, 40,000. இரண்டாவதுக்கு 30,000. மூன்றாவதுக்கு 20,000. ஆகமொத்தம் தவணை தொடங்கும் நாளில் கடன் 3,90,000. ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 6,470 ரூபாய். முதல் வேலையில் சம்பளம் 12,000 என்றால் பாதிக்கு மேல் வங்கிக்கே போய்விடும். மிச்சத்தில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக, வீட்டுக்கு என்ன கொடுப்பது?

முதல் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது நான் சொல்லும் அளவு. 12,000 சம்பளத்துக்கு 3,000 தவணை. அப்படியானால் தவணை தொடங்கும்போது கடன், வட்டியோடு சேர்த்து, 1,80,000க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஃபீஸ் கேட்கும் கல்லூரி என்றால் நன்றாக யோசியுங்கள். அரசுக் கல்லூரியில் டிப்ளமோ இடம் கிடைத்தால், பட்டம் என்ற பெயருக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். முதல் ஆண்டு மாத வட்டி 833 ரூபாய்தான். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அந்தப் பணத்தை அப்படியே கடன் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் வட்டி 1,667, அப்புறம் 2,500 என்று ஏறும்; மீதியை வீட்டில் போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். தவணை தொடங்கும் நாள் வரை அப்படிக் கட்டிவந்தால் கடன் மூன்று லட்சத்திலேயே நிற்கும், தவணையும் 4,980க்கு இறங்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் படிப்புக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. எல்லாக் கல்லூரிக்கும் அது பொருந்தாது. சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே வங்கிக் கிளையில் கேட்டுவிடுங்கள்.

கல்லூரியிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. அப்புறம் ஒரு நாள் ஒதுக்கி வேலூர் ஆபீசர்ஸ் லைன், காட்பாடி ரோடு பக்கம் உள்ள நான்கைந்து கிளினிக், லேபுகளில் ஏறி இறங்கி, புதிதாகச் சேர்பவருக்கு என்ன தருகிறார்கள் என்று நேரில் கேளுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிளாஸ்டர் தூள் பறக்கும் லேபில் அரை மணி நேரம் நின்று பார்த்தால், இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே கடன் வாங்கி, தவணை கட்ட முடியாமல் தவிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொண்ணூறு நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், நாளை வேறு எந்தக் கடன் கேட்டாலும் அது குறுக்கே வரும். போனை எடுக்காமல் ஒளிந்துகொள்ளாதீர்கள். முதல் தவணை தவறும்போதே கிளை மேலாளரைப் போய்ப் பாருங்கள். கல்விக் கடனுக்குப் பதினைந்து ஆண்டு வரை தவணைக் காலம் தர இடமுண்டு. சம்பளச் சீட்டைக் காட்டி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் மனு கொடுங்கள். மனுவின் நகலில் தேதி போட்டு வங்கி முத்திரை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். வணக்கம்.