பண்பாளரின் மௌனம்

அவையோர்க்கு வணக்கம். கொரிய அமெரிக்க எழுத்தாளர் சாங்-ரே லீ 1999-இல் வெளியிட்ட 'எ ஜெஸ்சர் லைஃப்' என்னும் நாவலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

நியூயார்க் நகருக்கு வெளியே, வசதி படைத்தோர் வாழும் ஒரு சிற்றூரில் மருத்துவ உபகரணக் கடை நடத்தி ஓய்வுபெற்ற முதியவர் ஃபிராங்க்ளின் ஹாட்டா. மருத்துவப் பட்டம் பெறாத அவரை ஊரார் டாக்டர் என்பதைச் சுருக்கி 'டாக் ஹாட்டா' என்றே அழைக்கிறார்கள்; ஜப்பானியர் என்றும் நம்புகிறார்கள். அவரோ பிறப்பால் கொரியர்; ஜப்பானியக் குடும்பமொன்றில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து பர்மாவுக்குச் சென்ற இளைஞருக்கு, படைவீரர்களின் இச்சைக்காகக் கொண்டுவரப்பட்ட கொரியப் பெண்களின் உடல்நலத்தைக் கண்காணிக்கும் பணி தரப்படுகிறது. அவர்களுள் 'கே' என்று அவர் குறிப்பிடும் பெண், தன்னைக் கொன்று விடுவிக்கும்படி அவரிடம் வேண்டுகிறாள். அவளைக் காதலிப்பதாகச் சொல்லும் அவர், அவளைக் காப்பாற்றவுமில்லை, அவள் கேட்டதைச் செய்யவுமில்லை.

1991 ஆகஸ்ட் 14 அன்று, போர்க்காலத்தில் இவ்வாறே ஜப்பானியப் படைவீரர்களின் இச்சைக்கு ஆளாக்கப்பட்ட தென்கொரியாவின் கிம் ஹாக்-சுன் என்னும் பெண்மணி, தமக்கு நேர்ந்ததைத் தம் பெயருடனும் முகத்துடனும் உலகுக்குச் சொன்னார். 1993-இல் இக்கொடுமையில் படைக்கு இருந்த பங்கை ஜப்பானிய அரசு ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட பெண்கள் முதுமையில் வாய்திறந்த அந்தக் காலத்தில், உடனிருந்த ஆண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வியைத்தான் லீ எடுத்துக்கொண்டார் என்று கருதுகிறேன். ஹாட்டா கொடியவர் அல்லர். அடக்கமானவர், எவர் மனத்தையும் நோகடிக்காதவர். அந்த நற்பண்புகளே அவர் ஒளிந்துகொள்ளும் இடமாக இருப்பதை, அவரது அமைதியான நடையிலேயே நாம் கண்டுகொள்ளுமாறு எழுதியிருப்பது அரிய கலைத்திறன்.

கொரியாவிலிருந்து அவர் தத்தெடுத்த மகள் சன்னி இதை முதலில் உணர்ந்துவிடுகிறாள். குறையே தெரியாத அந்த வீட்டில் தனக்குக் கிடைப்பது அன்பன்று, ஊர் மெச்சும் ஒழுங்கு என்று அவள் கண்டு வெளியேறுகிறாள். பின்னர் அவள் கருவுற்றபோது, நாள் கடந்திருந்தும் கருக்கலைப்புக்கு ஏற்பாடு செய்கிறார் ஹாட்டா. பர்மாவில் ஒரு பெண்ணின் விருப்பத்துக்குச் செவிசாய்க்காதவர், அமெரிக்காவில் நல்லெண்ணத்தின் பெயரால் மீண்டும் அதையே செய்கிறார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

கே-யின் குரல் நமக்கு நேரடியாகக் கிடைப்பதில்லை. ஹாட்டாவின் நினைவின் வழியாகவே வருகிறது. அதைச் சிலர் நாவலின் குறையாகக் கொள்ளலாம். அவள் தன் கதையைத் தானே சொல்ல உயிரோடு விடப்படவில்லை என்ற உண்மைக்கு உகந்த வடிவம் அதுவே என்பது என் துணிபு.