ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தினசரி வாழ்க்கையில் சந்தோஷமாக இருக்க என்னென்ன பழக்கங்கள் வேண்டும் என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அதிகாலையில் எழுவது, நடைப்பயிற்சி, தியானம், ராத்திரியில் போனைத் தள்ளி வைப்பது என்று இதற்கு ஒரு பட்டியல் ஏற்கெனவே ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நடக்காதவர்கள் நடக்க ஆரம்பியுங்கள். ஆனால் அதையெல்லாம் எடுத்துச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் வங்கியில் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த பழக்கம் ஒன்றுதான். சொந்தமும் இல்லாத, நண்பரும் இல்லாத, ஆனால் அடிக்கடி கண்ணில் படுகிற மனிதர்களோடு ரெண்டு வார்த்தை பேசுவது.

மாத முதல் வாரத்தில் பென்ஷன்காரர்கள் வருவார்கள். பணத்தை எண்ணி வாங்கிய பிறகும் லேசில் கிளம்ப மாட்டார்கள். பாஸ்புக்கில் என்ட்ரி போடச் சொல்லி நீட்டுவார்கள். பார்த்தால் போன வாரம்தான் போட்டிருப்பார்கள், புதிதாக ஒரு வரி இருக்காது. பேத்திக்கு வரன் அமைந்தது, கண்ணில் புரை எடுத்தது, தெருக் குழாயில் தண்ணீர் வராதது எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எங்கள் ஆட்களிலேயே சிலருக்கு இது பெரிய தொல்லை. அப்புறம் பாஸ்புக்கைத் தானே அச்சடித்துக் கொடுக்கும் எந்திரம் வந்தது. வரிசை குறைந்தது, அது நிஜம். அந்தப் பெரியவர்கள் வருவதும் குறைந்தது. அவர்கள் என்ட்ரி போட வரவில்லை என்பது எங்களுக்கு அப்போதே தெரியும்.

இந்த மாதிரிச் சில்லறைப் பேச்சுக்கு உண்மையில் ஏதாவது மதிப்பு உண்டா என்று ஆராய்ந்தவர் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற உளவியலாளர். கனடாவின் டொரண்டோ நகரில் அவர் படித்துக்கொண்டிருந்தபோது, போகிற வழியில் ஒரு அம்மா ஹாட் டாக் விற்றுக்கொண்டிருப்பாராம். இவர் சிரிப்பார், அந்த அம்மா கையசைப்பார். அவ்வளவுதான் பழக்கம். இவ்வளவு சின்ன பழக்கம் மனதுக்கு ஏன் இத்தனை தெம்பாக இருக்கிறது என்ற யோசனைதான் பின்னால் அவருடைய ஆராய்ச்சியாக வளர்ந்தது. எலிசபெத் டன் என்ற பேராசிரியரோடு சேர்ந்து அவர் நடத்திய ஆய்வு ஒன்றில், காபிக்கடைக்குள் போகிறவர்களில் பாதிப் பேரிடம், காசைத் தயாராக வைத்துக்கொண்டு சட்டென்று வாங்கி வாருங்கள் என்றார்கள். மீதிப் பேரிடம், கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சிரித்து ஏதாவது பேசிவிட்டு வாருங்கள் என்றார்கள். பேசிவிட்டு வந்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷத்தோடு வெளியே வந்தார்கள். கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்விலும் இதே கதைதான். பெயர்கூடச் சரியாகத் தெரியாத சக மாணவர்களோடு வழக்கத்தைவிட அதிகம் பேசிய நாட்களில் அவர்கள் மனம் நன்றாக இருந்தது.

சரி, இவ்வளவு சுலபமான காரியத்தை நாம் ஏன் செய்வதில்லை? இதற்கு சிகாகோவில் விடை கிடைத்தது. நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு அது. வேலைக்கு ரயிலில் போகிறவர்களில் சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், சிலரை வாயே திறக்காமல் வரச் சொன்னார்கள். எது இனிமையாக இருக்கும் என்று முன்னதாகக் கேட்டபோது, பேசாமல் போவதுதான் என்றார்கள் ஜனங்கள். நடந்தது தலைகீழ். பேசினவர்களுக்குத்தான் பயணம் நன்றாக இருந்தது. எல்லோருமே பேசத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அடுத்தவருக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டு. 2018-ல் வந்த வேறொரு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதல்முறை பேசிப் பிரிந்த பிறகு, எதிராளிக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோமாம். பேசிவிட்டு வந்து, ஏன்டா அப்படிச் சொன்னோம் என்று படுக்கையில் புரளுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

நம் ஊருக்கு இதெல்லாம் எதற்கு, நாம்தான் பஸ்ஸில் ஏறினாலே பேசுகிற ஆட்களாயிற்றே என்று நீங்கள் சொல்லலாம். இப்போது பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பாதிப் பேர் காதில் ஏதோ செருகியிருக்கிறார்கள். யுபிஐ 2016-ல் வந்தது. கடைக்காரரிடம் பணம் அனுப்பிவிட்டேன் என்று சொல்வதற்குக்கூட இப்போது வாய் திறக்க வேண்டியதில்லை, அவர் பக்கத்தில் உள்ள பெட்டி சொல்லிவிடுகிறது. சாமான் கொண்டு வருகிற பையனிடம் நாம் சொல்வது நாலு இலக்கம் மட்டும். நோட்டை எண்ணி எண்ணி விரல் தேய்ந்தவன் நான், இந்த வசதிகள் போக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மிச்சமான நேரத்தில் ஒரு பங்கைப் பேச்சுக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறேன்.

நெதர்லாந்தில் ஜம்போ என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2019-ல் ஒரு காரியம் செய்தது. அவசரமில்லாதவர்களுக்கு, நின்று அரட்டை அடித்துவிட்டுப் போகத் தனியாக ஒரு கவுன்டர். வயதானவர்களின் தனிமைக்காக யோசித்தது. நல்ல வரவேற்பு இருந்ததால் மற்ற கிளைகளுக்கும் விரித்தார்கள். நம் தெருமுனை மளிகைக் கடையில் இது எந்தப் போர்டும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் என்ன பேசுவது என்பதில் நமக்குக் கொஞ்சம் பயிற்சி தேவை. நம் ஆட்கள் பேச ஆரம்பித்தால் மூன்றாவது கேள்வி சம்பளம். கல்யாணமான பெண் என்றால், விசேஷம் ஏதும் உண்டா என்பார்கள். எந்த ஊர் என்று கேட்பது இயல்பானதுதான். அதோடு நிற்காமல், ஊரில் எந்தத் தெரு, யார் வீட்டுப் பக்கம் என்று துருவுவது எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தப் பேச்சு பேசாமலே இருக்கலாம். வெயில், பஸ், தக்காளி விலை, கையில் இருக்கிற பை, மடியில் இருக்கிற குழந்தை, இவை போதும். இன்னொன்று, பஸ்ஸில் தனியாகப் போகும் ஒரு பெண் பக்கத்து ஆளோடு பேசத் தயங்கினால் அதற்குக் காரணம் உண்டு, ஆண்கள் அதை மதிக்க வேண்டும். அறிமுகமில்லாதவர்களைவிட, தினமும் பார்க்கிறவர்களிடம் தொடங்குவதே நல்லது. பால் போடுகிறவர், தெரு கூட்டுகிற அக்கா, இஸ்திரி போடுகிற அண்ணன், கேட்டில் நிற்கும் வாட்ச்மேன். வாட்ச்மேன் என்று கூப்பிடுவதை விட்டு அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வடக்கிலிருந்து வந்தவராக இருந்தால் பாஷை ஒரு தடையே இல்லை, சாப்டாச்சா என்பதற்கு வயிற்றில் கை வைத்துக் காட்டினால் போதும்.

வீட்டாரும் நண்பர்களும் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938-ல் தொடங்கி இன்றுவரை தலைமுறை தாண்டி நடத்திவரும் ஆய்வு, நல்ல உறவுகள் உள்ளவர்களே ஆரோக்கியமாகவும் நிறைவாகவும் வாழ்கிறார்கள் என்றுதான் காட்டுகிறது. ஆனால் பிள்ளைகள் வெளியூரில், நண்பர்கள் ஒவ்வொருவராகக் குறைகிற வயதில், பகல் பொழுதில் நம் முன்னால் இருப்பவர் பெரும்பாலும் பூக்காரம்மாதான்.

பென்ஷன் வாங்கும் நேயர்களுக்கு ஒரு தகவல். நவம்பர் மாத ஆயுள் சான்றிதழை 2014 முதல் டிஜிட்டலாகவே கொடுக்கலாம், இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலே முடிந்துவிடுகிறது. நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. நடக்க முடிந்தவர்கள் நேரிலேயே போங்கள். மாதத்தின் முதல் சில நாட்கள் வேண்டாம், கூட்டம் நெரியும். இரண்டாவது வாரத்தில், சாப்பாட்டு நேரம் முடிந்து போனால் கவுன்டரில் இருப்பவருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்கும்.

நன்றி, வணக்கம்.